புல்லட்டின் இரண்டு ஸ்பீக்கர்கள்

அடைக்கலராஜ் ஆம்ப்ளிஃபயரின் ஒயர்களைப் பிடுங்கி எறிந்தான். சிவப்பு விளக்கு அணைந்தது. ஆனால் புல்லட்டின் முகப்பில், ஹெட்லைட்டின் இருபுறமும் ஃபைபர் கூட்டுக்குள் பொருத்தியிருந்த ஸ்பீக்கர்கள் மட்டும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

பெண் மூச்சு.

கைலாசபுரம் குவார்ட்டர்ஸின் பின்பக்க ஷெட்டில் மழைக்கு முந்தைய புழுக்கம், பெட்ரோல் வாடை, ஈயம் பற்றவைத்த புகை, அத்தனையையும் தாண்டி அவன் மனைவி அக்னஸ் தலையில் வைக்கும் மரிக்கொழுந்தின் மணம். அவள் இறந்து ஒரு மாதம்; நாளை கோயிலில் மாதப் பூசை. காவிரிப் பாலத்தில் அவள் சேலை பின்சக்கரத்தில் சுற்றி இழுத்தபோது, பாட்டுச் சத்தத்தில் தனக்கு எதுவுமே கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். சேலை மாட்டாமல் தடுக்கும் கம்பி வலையைக் கழற்றிய இடத்தில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தவர்கள் நம்பினார்கள். மாமியார் மட்டும் நம்பவில்லை. அதனால்தான் மச்சினன் பிலோமின்ராஜ் இன்று வருகிறான்.

டேப்பை நேராக ஸ்பீக்கரில் இணைத்துப் போட்டுப் பார்த்தான். பாட்டு கொசுவாக முனகியது. பின்னால் உட்கார்ந்தவள் தும்மினால்கூட இதில் கேட்டுவிடும். ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அந்த மூச்சு பேச ஆரம்பிக்கிறது. இல்லாவிட்டால் பொய் நிற்காது.

கேட் கிறீச்சிட்டது. அவசரமாக ஒயர்களைத் திரும்ப முறுக்கினான்.

"என்ன மாமா, வேர்த்து ஊத்துது? ரேடியோ செட் கடை போட்டுட்டீங்களா?"

"வாங்க மாப்ளே. காபி..."

"காபி கெடக்கட்டும். 'எம்மக கத்துனது அவன் காதுல விழலையா'ன்னு அம்மா ராவெல்லாம் பொலம்புது. நான் பின்னாடி உக்காந்து கத்துறேன், நீங்க பாட்டப் போடுங்க. ஒங்களுக்குக் கேக்கலைன்னா அம்மாகிட்ட நானே சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

"கேட்டுச்சுன்னா?"

பிலோமின்ராஜ் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அடைக்கலராஜ் முன்னால் உட்கார்ந்து சத்தத்தை முழுதாகத் திருகினான். தகரக் கூரை அதிர்ந்தது. பின்னால் மச்சினன் அடித்தொண்டையில் கத்துவது கண்ணாடியில் தெரிந்தது. கேட்கவில்லை. அப்பாடா.

பாட்டு தேய்ந்தது. அதன் இடத்தில் காற்று. ஆற்றுக் காற்று. கேசட் சுற்றவில்லை.

"என்னங்க... சேலை மாட்டிக்கிச்சு. நிறுத்துங்க."

"அக்கா?" என்றான் பிலோமின்ராஜ். குதித்து இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

ஸ்விட்சை அணைத்தான் அடைக்கலராஜ். ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை.

"கழுத்து இறுக்குதுங்க!"

பிறகு ஓர் ஆண் குரல். அவன் குரல்.

"கேக்குது. சீரங்கத்துல நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தினேல்ல? இப்பக் கத்து."

ஆக்ஸிலேட்டர் ஏறும் சத்தம்.

அவனுக்குப் பின்னால் சீட்டின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது. மச்சினன் இன்னும் சுவரோரம்தான் நின்றிருந்தான். இரண்டு கைகள். சில்லென்று. இடுப்பைச் சுற்றின. இறுக்கின.

ஸ்பீக்கர்கள் விடவில்லை. இப்போது பட்டறைச் சத்தம், சுத்தியல், மறுபடி அவன் குரல், தணிந்து, கெஞ்சலாக:

"நேத்துதான் அடக்கம் முடிஞ்சுது, அண்ணே. ஆம்ப்ளிஃபயர இன்னைக்கே மாட்டிக் குடுத்துடுங்க. யாராச்சும் கேட்டா, போன மாசமே மாட்டினதுன்னு சொல்லிடுங்க."