சேராத கட்டைகள்

பரீட்சைக்கு முந்தைய நாள் லைப்ரரியில் உட்கார இடமில்லை. நின்று படிக்கவும் இடமில்லை. அதனால் தங்கையும் அவள் வகுப்புத் தோழி வாயாடியும் அட்டெண்டரைக் கெஞ்சி, உளவியல் துறையின் பழைய ஆய்வகத்தைத் திறக்க வைத்தார்கள்.

"அங்க யாரும் போறதில்லம்மா," என்றார் அவர், சாவியைத் திருப்பிக்கொண்டே.

"அதுக்குத்தாண்ணே கேக்கறோம்," என்றாள் வாயாடி.

கூட வந்தவளுக்குத் துறையில் தங்கை என்றே பெயராகிவிட்டது. இறந்துபோன அந்தப் பெண்ணின் தங்கை. அக்கா படித்தது வேறு பாடம். தோழி ஒருத்தி கூப்பிட்டாளே என்று ஒரு சோதனையில் பங்கெடுக்க இதே ஆய்வகத்துக்கு வந்தாள். மரக்கட்டைகளைச் சேர்த்துச் சதுரம் செய்யச் சொன்னார்கள். சதுரம் வராது, ஏனென்றால் ஒரு கட்டையை வேண்டுமென்றே தப்பாக வெட்டியிருந்தார்கள். "மத்தவங்க எல்லாம் சுலபமா முடிச்சிட்டாங்களே" என்று நடுவில் சொல்வதும் சோதனையில் ஒரு பகுதி. தோல்வி மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முடிந்ததும் உட்கார வைத்து, அத்தனையும் பொய் என்று விளக்கி அனுப்பிவிட வேண்டும். டீபிரீஃபிங் என்று அதற்குப் பெயர்.

அக்கா அதுவரை இருக்கவில்லை. பாதியில் எழுந்துவிட்டாள். எழுந்து போகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்பதும் விதிதான், அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். வெளியே நல்ல மழை. ஹாரன் அடித்தும் அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை என்று லாரி டிரைவர் சொல்லி அழுதார்.

தான் ஒரு மக்கு என்று நம்பிக்கொண்டே அக்கா போய்விட்டாள். தங்கைக்கு ஆறாதது இது ஒன்றுதான். யாராவது ஒரு வார்த்தை அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? இதற்காகவே உளவியல் எடுத்தாள். மற்ற பேப்பர்களில் வெளுத்து வாங்கினாள். ஆராய்ச்சி முறைகளும் அறமும் என்ற பேப்பரில் மட்டும், டீபிரீஃபிங் பற்றிய கேள்வி வந்ததும் பேனா நின்றுவிடும்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டா டிகிரி அம்பேல்," என்றாள் வாயாடி. "எழுத வரலேன்னா வாயால சொல்லிப் பழகுடி. நான் உள்ள போய் உக்காந்து கேக்கறேன்."

ஆய்வகம் என்பது இரண்டு அறைகள், நடுவே ஒருவழிக் கண்ணாடி. உள்ளறைக்கு வராந்தாப் பக்கம் தனி வாசல் உண்டு; வாயாடி வராந்தாவுக்குப் போனாள். அங்கே விளக்கு எரிந்தால்தான் இங்கிருந்து பார்க்க முடியும். பல்பு போய்விட்டிருந்தது. கண்ணாடியில் தங்கையின் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அறையில் நனைந்த துணியின் வாடை அடித்தது.

தங்கை மேஜை மேலிருந்த மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "இந்தச் சோதனையில உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கோம்…" அதோடு பொத்தானை விட்டுவிட்டாள்.

உள்ளறைச் சத்தத்தைக் கொண்டுவரும் ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

டக்.

மரத்தோடு மரம் இடிக்கிற சத்தம்.

"விளையாடாதடி."

டக். டக்.

"சொன்னாக் கேளு. அதக் கீழ வை."

"எதக் கீழ வைக்கச் சொல்ற?"

வாயாடி அவளுக்குப் பின்னால், வாசலில் நின்றிருந்தாள். கையில் புது பல்பு. "இருட்டுல எவ உக்காருவா? அட்டெண்டர் கிட்ட வாங்கிட்டு வர்றேன்."

டக்.

வாயாடி தங்கையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வா… போயிடலாம்," என்றாள் மூச்சுக்குள்ளேயே.

தங்கை நகரவில்லை. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா இத்தனை நாளும் இந்த இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாளே என்ற துக்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறுபடி மைக்கை அழுத்தினாள்.

"அக்கா… அந்தக் கட்டைங்க சேராதுக்கா. யாராலயும் முடியல. எல்லார்கிட்டயும் அதே பொய்யத்தான் சொன்னாங்க. நீ மக்கு இல்லக்கா."

சத்தம் நின்றது.

வாயாடியின் மூச்சு மட்டும் கேட்டது. பாடத்தில் படித்த ஒரு விஷயம் தங்கைக்கு வேண்டாமலே நினைவுக்கு வந்தது. பொய்யை உடைத்துச் சொன்ன பிறகும் சிலருடைய மனதில் அந்தப் பொய் அப்படியே தங்கிவிடுமாம். அவள் தலையை உதறிக்கொண்டாள்.

"நான்தான்க்கா. உன் தங்கச்சி. கேக்குதா?"

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு ஒரு குரல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்தான். ஆனால் யாரோ அந்நியரிடம் பேசுவது போல், கூச்சத்தோடு, மிகுந்த மரியாதையோடு கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இன்னும் ஒரே ஒரு தடவை வெச்சுப் பாக்கட்டுமா?"