நீர்க்காகத்தைக் கொக்காக்கும் ஊசி

“என்ர ஊசியப் போட்டா வாவியில நிக்கிற நீர்க்காகமும் விடியமுன்னம் கொக்காகிப் பறக்கும்!”

கல்குடாவில் பியூட்டி பார்லர் நடத்தும் நிலானி இப்படித்தான் அளந்தாள். கலாஜினி நம்பினாள். பெண் பார்க்க வந்த கூட்டம் “பிள்ள கொஞ்சம் நிறம் குறைவு” என்று சொல்லிவிட்டு, அவள் சுட்ட முறுக்கை ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போயிருந்தது. அந்த எரிச்சலில் நிலானியிடம் வயிற்றில் மூன்று ஊசி போட்டுக்கொண்டாள்.

முதலில் கழுத்து மச்சம். பிறந்ததிலிருந்து எள்ளளவாய் இருந்தது, ஒரு காலையில் மிளகளவாய்த் தெரிந்தது. பிறகு குமட்டல். முகத்தில் அடுப்பு வெக்கை. முதுகு மச்சங்களை எண்ணத் தொடங்கிய தங்கை உசாந்தி, நாற்பதில் நிறுத்தினாள்.

“மச்சத்த வெட்டிச் சோதிக்கணும். என்ன மருந்தெண்டு தெரியாம நான் என்னத்தச் செய்ய? மருந்துப் போத்தலக் கொண்டு வாங்க” என்றார் டாக்டர்.

நடுப்பகல். பார்லரில் கரண்ட் இல்லை. பவுடர் வாசத்துக்குள் இறால் நாற்றம் புழுங்கியது. உருகும் பிரிட்ஜிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருட்டு மூலையில், சுவரைப் பார்த்தபடி நிலானி. அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை, தலைக்குச் சாயம் பூசும் கையுறை.

“அக்கா, அந்தப் போத்தலத் தாங்க.”

“என்னத்துக்குக் கிளி? அதால ஒண்டும் வராது. நீ வெயில்ல திரிஞ்சிருப்பாய்.”

கலாஜினி பிரிட்ஜைத் திறந்தாள். இறால் பைக்கடியில் பெயரில்லாத குட்டிப் போத்தல்கள். பக்கத்தில் ஒரேயொரு ஊசி. நுனி வளைந்திருந்தது.

“இது ஆர் தந்த?”

“பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல்ல தங்கின வெள்ளக்காரன் விட்டுட்டுப் போனது. தோல் நிறத்த மாத்துமாம்.”

“எந்த நிறத்துக்கெண்டு கேட்டீங்களா?”

“இதென்ன கேள்வி! காசு குடுத்துக் கறுக்கிறவன் உலகத்தில இருப்பானா?”

கலாஜினிக்கு உச்சியில் அடித்தது. வெள்ளைக்காரன். நாள் முழுக்க மணலில் கிடந்து, கறுக்கவென்றே வெயில் காய்ந்தவன்.

“இந்த ஒத்த ஊசியால எத்தின பேருக்கடி குத்தின?” அக்காவும் போனது, மரியாதையும் போனது.



சொட்டு. சொட்டு.

“ஒண்டும் நடக்கல்ல” என்றாள் நிலானி, சுவரிடம்.

கலாஜினி கையுறையைப் பிடித்து இழுத்தாள்.

மச்சங்கள். உள்ளங்கையில். நகத்தடியில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது.

நிலானி திரும்பினாள்.

முகம் இல்லை. மச்சம்தான். கண்ணின் வெள்ளையில்கூட ஒரு புள்ளி, மெல்ல அகன்றது.

வாய் திறந்தது. நாக்கும் கறுப்பு.

“நானும் போட்டனான், புள்ள. ஓம்... நடந்ததுதான்.”