சத்யபாமா வீட்டு விருந்தாளி

காலையில் ஆசையாக வாங்கிவந்த மொஹிங்கா, மீன்குழம்பு ஊற்றிய சேமியா, கிண்ணத்திலேயே ஆறிப்போய்க் கிடந்தது. குழந்தைவேலு அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

"தெனம் பொழுது சாய வார்டு ஆபீசுக்குப் போறியாமே... ரெங்கசாமி பாத்திருக்கான். என்னைக் காட்டிக் குடுக்கத்தானே போற?"

அவர் மனைவி சத்யபாமா கிண்ணத்தை எடுத்து மூடிவைத்தாள். கொழுந்தன் ரெங்கசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி ரத்தினம்மாள், இதுதான் சமயம் என்று, அமுக்கமாக இருந்தே குடியைக் கெடுப்பவர்களைப் பற்றி அடுப்படியிலிருந்து ஒரு பாட்டம் பாடினாள். இனி உன் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் குழந்தைவேலு.

ரங்கூனின் தாகேதா பேட்டையில் அவருடைய வீறாப்பு பிரசித்தம். அடையாள அட்டை மாற்றிய வருஷம், பாட்டன் காலத்துக் காகிதம் இல்லையென்று, முழுக் குடிமக்களுக்கான ரோஸ் அட்டையைத் தராமல் கீழ்த்தரத்து அட்டையை நீட்டினார்கள். போட்டாதாங் துறைமுகத்தில் அப்பன் முதுகு ஒடிய மூட்டை சுமந்த மண்ணில் என்னைத் தரம் பிரிக்க இவன் யார் என்று பழைய அட்டையையும் மேஜைமேல் வீசினார். குடும்பப் பட்டியலில் தன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். எந்தச் சர்க்காருக்கும் நான் கட்டுப்பட்டவன் அல்ல என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பட்டியலில் இல்லாதவர்களைத் தேடி ராத்திரிச் சோதனைக்கு வருகிறவர்கள் தன்னைத் தொடாமல் போவதெல்லாம் அந்தத் தாளின் மகிமை என்று டீக்கடையில் மார்தட்டுவார். மனுஷன் அதை முழுசாக நம்பினார்!

சண்டை போட்டுக் கிளம்பிய அன்றைக்கே பசுண்டாங் பாலத்தில் அவரைப் போலீசார் பிடித்துவிட்டார்கள். தாளை எடுத்துக் காட்டினார். அது போலீஸ் நிலையம் வரைக்கும்கூட உதவவில்லை.

பதிவில்லாமல் ரங்கூனில் ஒளிந்திருந்ததாக வழக்கு. ஒளித்துவைத்த வீட்டுக்காரிக்கும் சேர்த்துச் சிறை என்றார்கள். கோர்ட்டில் சத்யபாமா கூண்டில் அவர் பக்கத்திலேயே நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது என்று பர்மியில் கணீரென்று சொன்னார். ரத்தினம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இவர் அந்த வீட்டில் தங்குவதை யாராவது தெரிவித்தார்களா என்று வார்டு தலைவரைக் கேட்டார்.

தலைவர் எழுந்தார். யார் வீட்டில் வெளியாள் தங்கினாலும் பொழுது சாய்வதற்குள் தெரிவிப்பதுதானே சட்டம், அதன்படி இந்த அம்மா ஒரு நாள் தவறாமல் வந்து தெரிவிக்கிறார் என்றார். கொட்டும் மழையிலும் வந்திருக்கிறார், காய்ச்சலோடும் வந்திருக்கிறார். வீட்டுக்காரி சத்யபாமா, விருந்தாளி குழந்தைவேலு. ராத்திரிச் சோதனையில் இவரை விட்டுவிடுவதும் அந்தப் பதிவால்தான்.

குழந்தைவேலுவின் கை சட்டைப்பைக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. ஒளித்துவைத்த குற்றம் இல்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். அட்டைக்கு மனுப் போடும்படி எச்சரித்து அனுப்பினார்.

வெளியே ரத்தினம்மாள் ஓடிவந்து சத்யபாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுதூரம் முன்னால் நடந்த குழந்தைவேலு நின்று திரும்பினார்.

"ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னா அதையும் வேணாம்னு அடிச்சிட்டு வந்திருப்பீங்க... ஒங்க மானத்த நீங்க பாத்துக்கிட்டீங்க. ஒங்கள நான் பாத்துக்கிட்டேன்."

அன்று பொழுது சாய, வழக்கம்போல அவள் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் மெதுவாக்கினாள்.

இன்றைக்கும் அதே விருந்தாளிதானே என்று வார்டு ஆபீசில் சிரித்துக்கொண்டே கேட்டார் தலைவர். அவள் பதில் சொல்லுமுன் குழந்தைவேலு முன்னால் வந்தார். பர்மியில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, அவள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"விருந்தாளி இல்லன்னு சொல்லு. அட்டை எந்தக் கலர்ல குடுத்தாலும் வாங்கிக்கிறேன், நான் எந்த மண்ணுன்னு எனக்குத் தெரியும். பட்டியல்ல என் பேர... ஒம் பேருக்குக் கீழ எழுதச் சொல்லு."

யாருக்குக் கீழேயும் பேர் எழுதமாட்டேன் என்றிருந்த மனுஷன். சத்யபாமாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் தலையை நிமிர்த்தி, அவருடைய பெயரை எழுத்து எழுத்தாகத் தலைவருக்குச் சொன்னாள்.