விழுந்ததையும் எழுதணும்

மழை அவனை நனைத்தது. அவனுடைய கம்ப்யூட்டரை நனைக்கவில்லை. ரெயின்கோட்டைக் கழற்றி அந்தப் பெட்டிக்குப் போட்டுவிட்டு, காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி ரிப்பேர் கடைப் படியேறினான். ஏறின வேகத்தில், வெளியே வந்துகொண்டிருந்த ஒருத்தி மேல் டமாலென்று மோதினான். அவள் கையிலிருந்த டப்பா பறந்தது. நூறு குட்டித் திருகாணிகள் தரையெங்கும் சிதறின.

"கண்ணு தெரியலையா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அப்புறம்தான் அவன் அவள் கண்ணைப் பார்த்தான். கோபமாகத்தான் இருந்தது... ஆனால் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. ரெயின்கோட் போட்ட பெட்டியை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"மனுஷன் நனையலாம், பெட்டிதான் நனையக்கூடாது... அப்படித்தானே?"

அவன் அசடு வழிய மண்டி போட்டுத் திருகாணி பொறுக்கினான். "மெக்கானிக் இருக்காராங்க? ரொம்ப அவசரம்."

"இருக்காங்க. உங்களோட சேர்ந்து திருகாணி பொறுக்கிட்டு இருக்காங்க."

கல்லாவிலிருந்து ஒருவர் கடகடவென்று சிரித்தார். "என் தங்கச்சிதான் சார் மெக்கானிக். நான் சும்மா போன் எடுக்கிற அண்ணன்!"

அவன் கார்ட்டூன் படம் செய்கிறவன். மூன்று வருஷமாகத் தனியாளாக வரைந்த ஏழு நிமிஷப் படம் ஒன்று போட்டிக்குப் போக வேண்டும். வரைந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முழுப் படமாக்கித் தர வேண்டும். அதற்கு எண்பது மணி நேரம் ஆகும். கையிலிருந்ததோ எழுபத்தைந்து. வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் ஏதோ வீடியோவைப் பார்த்து, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் வேகத்தை அவனே ஏற்றிவிட்டிருந்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டி பொசுக்கென்று அணைந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"நாலு புள்ளி ரெண்டு ஜிகாஹெர்ட்ஸ்லேர்ந்து... அஞ்சு புள்ளி ஒண்ணு."

"ஒரே தாவலா?" அவள் தலையில் கை வைத்தாள். "வோல்டேஜையும் சேர்த்து ஏத்திட்டீங்களா? நல்லவேளை... வறுத்தெடுக்கறதுக்குள்ள கொண்டாந்தீங்க."

அப்புறம் அவள் வேலையில் இறங்கினாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் தலை துவட்டவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா... என்ன கை அது! பிராசசர் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டை இழுக்கிற பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுசு வைத்து, மேலே விசிறியை உட்காரவைத்து, நாலு திருகாணியையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கி, அங்கிருந்து ஒரு புள்ளி மட்டும் ஏற்றினாள். கால் மணி நேரம் மூச்சு முட்ட ஓடவிட்டு, சூட்டைப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு புள்ளி. ஒவ்வொன்றையும் கோடு போட்ட தாளில் குறித்தாள்... வேகம், வோல்டேஜ், சூடு, கடைசியில் 'தாங்கியது'.

நாலு புள்ளி ஒன்பதை ஒரு மணி நேரத்துக்கு ஓடவிட்டாள். நாற்பதாவது நிமிஷத்தில் திரை நீலமாகி, மெஷின் நின்றுபோனது. அவள் முகம் கொஞ்சமும் சுருங்கவில்லை. 'விழுந்தது' என்று அழகாக எழுதினாள்.

"அதையும் எழுதணுமா?"

"விழுந்ததையும் எழுதணும். விழுந்ததே இல்லாத தாளை நான் நம்ப மாட்டேன்."

நாலு புள்ளி எட்டுக்கு இறக்கி ஒரு மணி நேரம் ஓடவிட்டாள்.

"நாலு எட்டுல விடறேன். ஒரு மணி நேரம் ஓட்டிட்டேன், சூடு எழுபத்தெட்டு டிகிரியைத் தாண்டல. உங்க படம் எழுபது மணி நேரத்துல முடிஞ்சிடும். இது என் வாக்கு. கை மட்டும் வைக்காதீங்க."

தாளைப் பெட்டிக்குள்ளேயே, பக்கக் கதவின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் அவன் படத்தை நினைக்கவேயில்லை.

ஆனால் பயம் யாரை விட்டது? திங்கள் பகல் இரண்டு மணிக்கு ஓட ஆரம்பித்தால் வியாழன் பன்னிரண்டுக்கு முடியும். ஒரு நிமிஷம் கூட மிச்சமில்லை. நாலு ஒன்பதுல பெட்டி நாற்பது நிமிஷம் தாங்கிச்சே... வோல்டேஜைத் துளி கூட்டினா தாங்காதா? செவ்வாய்க்கிழமை கை வைத்தான். புதன் காலையில் எழுந்து பார்த்தால், திரை நீலமாகிக் கிடந்தது. ஆறு மணி நேரம் அம்போ.

அவசர அவசரமாகப் பழையபடி நாலு எட்டுக்கு இறக்கி ஓடவிட்டான். கடைக்குப் போன் போட்டான். வாயில் வந்ததோ பொய். "உங்க நாலு எட்டு விழுந்துடுச்சுங்க."

கால் மணி நேரத்தில் அவள் வந்து நின்றாள். நேரே போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். சூட்டைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், வோல்டேஜைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் கண்ணிலிருந்த அந்தச் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"மன்னிச்சிடுங்க. எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன். வாக்குக் குடுத்துட்டு..." கதவைக் கழற்றி, பேனாவை எடுத்து, தாளின் அடியில் 'நாலு புள்ளி எட்டு' என்று எழுதினாள். அதற்கெதிரே 'வி' என்று ஆரம்பித்தாள்.

இவ்வளவு சுத்தமான தாளில், என்னால் ஒரு பொய்யா?

"நில்லுங்க! எழுதாதீங்க... நான்தான் ஏத்தினேன். நாலு ஒம்பது. நீங்க வர்றதுக்குள்ள இறக்கிட்டேன்."

பேனா நின்றது. அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"மெஷின் விழுந்தா எனக்குக் கோபமே வராதுங்க. ஏன் விழுந்துச்சுன்னு மறைச்சா வரும். வழியெல்லாம் என்னையே திட்டிக்கிட்டு வந்தேன், தெரியுமா?" எழுதினதை அடித்துவிட்டு, பேனாவை அவன் கையில் திணித்தாள். "நீங்களே எழுதுங்க."

அவன் எழுதினான். 'நாலு புள்ளி ஒன்பது. நான் ஏற்றியது. விழுந்தது.' நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

போச்சு. படமும் போச்சு, அவளும் போச்சு. படம் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

அரை மணி கழித்து வாசலில் தடதடவென்று சத்தம். அண்ணன் மூச்சு வாங்க ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். பின்னாலேயே வயரும் கையுமாக அவள்.

"இது என்னோடது. கடைசி ரெண்டு காட்சியை இதுல பிரிச்சு ஓடவிடுங்க. போன ஆறு மணி நேரம் திரும்பி வந்துடும்."

"இதை எவ்வளவு ஏத்தியிருக்கீங்க?"

"ஏத்தவே இல்ல. எனக்கு அவசரம் இல்ல." முகத்தை அவள் இன்னும் உம்மென்றுதான் வைத்திருந்தாள். "உங்க மேல கோபம் அப்படியேதான் இருக்கு. படம் என்ன பாவம் பண்ணுச்சு?"

வியாழன் பகல் பதினொன்று ஐம்பதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நல்ல மழையில், அவன் இரண்டு பெட்டிகளோடு கடைப் படியேறினான். இந்தத் தடவை நிதானமாக.

"உங்களோடதைத் திருப்பிக் குடுக்க வந்தேன். என்னோடதைப் பழைய வேகத்துக்கே இறக்கிடுங்க. அவசரம் முடிஞ்சிடுச்சு."

அவள் அவன் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினாள். தாளில் அவன் கையெழுத்தில் புது வரிகள் இருந்தன.

'வியாழன். நாலு புள்ளி எட்டு. எழுபத்தேழு டிகிரி. தாங்கியது.
வெள்ளி. போனில் சொல்ல நினைத்தேன். விழுந்தது.
சனி. கடைத் தெருமுனை வரை வந்தேன். விழுந்தது.
ஞாயிறு. கடை விடுமுறை.
திங்கள். படி வரை வந்தேன். அண்ணன் சிரித்தார். விழுந்தது.
செவ்வாய். இன்று சொல்லிவிடுவேன்.'

செவ்வாய்க்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அவனுக்குக் காது வரைக்கும் சுட்டது. இப்போ விட்டா எப்பவும் இல்ல...

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. வேலை செய்ற கையைப் பிடிச்சிருக்கு. தப்பையும் எழுதி வைக்கிற மனசு அதைவிடப் பிடிச்சிருக்கு. இனிமே உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு கண்ணோரத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

"ஒரு மணி நேரம் ஓட்டிப் பாக்காம நான் எதையும் முடிவா எழுதறதில்ல." ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் வேலை பார்த்தாள், அவன் பேசினான். அப்புறம் அவள் பேசினாள், அவன் திருகாணி எடுத்துக் கொடுத்தான். வெளியே மழை விட்டது.

"என்னம்மா, மெஷின் எப்படி இருக்கு?" கல்லாவிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"டெஸ்ட் ஓடுதுண்ணா. தொந்தரவு பண்ணாதீங்க!"

சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

'தாங்கியது. எனக்கும் பிடிச்சிருக்கு.'