அரை மணி நேர வேலை

"அடுத்த தடவை வீட்டுக்காரர் வரட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க, நான் கேட்டுக்கறேன்."

"அப்படி என்னத்தக் கேட்டுடப் போறே?"

"அதை அவர்கிட்டதான் சொல்வேன். ஊருக்கெல்லாம் ஒயரிங் பண்றவரு, சொந்தப் பொண்டாட்டியைக் கையில துண்டு சுத்திக் குழாயைத் திறக்க வெச்சிருக்கீங்க. உங்ககிட்ட என்னத்தச் சொல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என் மனைவி. குளியலறை ஹீட்டரில் மின்கசிவு; எர்த் கம்பியும் அறுந்திருந்தது. குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். எனக்கு அரை மணி நேர வேலை. ஆனால் வீட்டுக்காரர் கையெழுத்தில்லாமல் ஒயரில் கை வைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சொன்னபோதெல்லாம், "பிரமை தம்பி" என்றார். எழுதியும் கொடுத்தேன். அவர் வந்தால் அவளும் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, வார்த்தை வராமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவாள்.

கடிதம் கொடுத்த பதினேழாம் நாள் காலையில் அந்தத் துண்டு ஈரமாக இருந்தது.

அவள் ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாடகை கோர்ட் குமாஸ்தா விளக்கினார். எழுதிக் கொடுத்துப் பதினைந்து நாளாகியும் உரிமையாளர் அசையாவிட்டால், குடியிருப்பவரே பழுது பார்த்துக்கொள்ளலாம். சட்டமே அனுமதிக்கிறது. யார் கையெழுத்தும் வேண்டாம்.

பதினாறாம் நாள் முழுக்க நான் யாரோ ஒருவர் வீட்டில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

சாவியை ஒப்படைக்கப் போனது நல்ல வெயில் நேரம். காலி வீடு. மெயின் ஃபியூஸை அவள் விழுந்த அன்றே பிடுங்கிவிட்டேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. அவளுடைய துண்டு மட்டும் இன்னும் குழாயில் தொங்கியது. எடுக்க மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து ஒரு தாளை நீட்டினார். ஹீட்டர் நல்ல நிலையில்தான் இருந்தது, என் மனைவியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது.

"போட்டுக் குடுத்துடு தம்பி. போனவங்களுக்கு இனிமே என்ன வந்துடப் போகுது?"

நான் பேனாவை வாங்கவில்லை. நல்ல நிலையில் இருப்பதைத் தானே காட்டுவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போனார்.

முதலில் அவளுடைய சோப்பு வாசனை வந்தது.

பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். மாடித் தொட்டி வற்றி ஒரு வாரமாகிறது.

ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் உள்ளேதான் இருந்தது.

சூடாக.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தள்ளினேன். அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து நிற்பதுபோல் அசைய மறுத்தது.

"தம்பி," உள்ளேயிருந்து கிசுகிசுத்தார், "காலுக்கடியில எல்லாம் தண்ணியா இருக்கு. கதவைத் திற."

என் காலில் ஏதோ பட்டது. குனிந்தேன். குழாயில் தொங்கிய துண்டு நன்றாகக் காய்ந்து, நான்காக மடிக்கப்பட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் அடங்கிப்போகும் குரல் அன்று கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. மரியாதையாக, கொஞ்சமும் நடுங்காமல்.

"பிரமைதானே சார்? நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."