பெருக்கல் குறி போட்ட ஜன்னல்

நாய் அதே நாய்தான். வாலை ஆட்டியபடி நின்றதால் வால் மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. வண்டிக் குதிரையும் அதே குதிரை. கொடியில் காற்று தூக்கிப் பிடித்த படுக்கை விரிப்பும் மாறவில்லை. ஜன்னலுக்குள் நின்ற ஆள் மட்டும் இந்தப் படத் தபால் கார்டில் வேறு ஜன்னலில் இருந்தார்.

யோருன் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மாலை நான்கு மணிதான். வடகோடி ஊரின் டிசம்பர் என்பதால் வெளியே இருட்டு கவிந்து வெகு நேரமாகியிருந்தது. நூலகத்தின் நிலவறையில் ஈரச் சுவரின் வாடையும், எப்போதோ மாடியிலிருந்து இறங்கி வந்து தங்கிவிட்ட காபி வாடையும், அட்டைப் பெட்டிகளைத் திறக்கும்போதெல்லாம் எழும் பழைய காகிதத்தின் லேசான இனிப்பு வாடையும் கலந்து கிடந்தன. தலைக்கு மேலே தெருவில் கடற்காற்று எந்தத் தகரத்தையோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

கார்டில் இருந்தது அவளுடைய வீடுதான். ஃபியோர்டு என்ற கடல்கழிக்கு அக்கரையில் இருக்கும் அந்த வெள்ளை மர வீடு ஒரு காலத்தில் தங்கும் விடுதியாக இருந்தது. வந்து தங்கியவர்கள் விடுதிப் படம் போட்ட கார்டை வாங்கி, தங்கள் அறை ஜன்னல்மேல் மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'இதுதான் என் அறை' என்று ஊருக்கு எழுதுவார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காக அந்தக் கார்டுகளை யோருன் இரண்டு வாரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊரார் கடுதாசியைப் படிப்பது பாவமென்றால் அவளுக்கு நரகத்தில் கடல் பார்த்த அறையே ஒதுக்கியிருப்பார்கள். ஒருவருக்குப் பல்வலி. ஒருத்திக்கு அம்மா கம்பளிக் காலுறை அனுப்ப வேண்டும், நீலம் மட்டும் வேண்டாம். பள்ளி ஆய்வாளர் ஒருவர் தினமும் மீன் களியா என்று கார்டு முழுக்க அழுதிருந்தார். யாரென்று தெரியாத அந்த மனிதர்கள்மேல் அவளுக்கு உண்மையிலேயே பிரியம் வந்திருந்தது.

எல்லாக் கார்டுகளும் ஒரே நாளில் எடுத்த ஒரே படத்திலிருந்து அச்சடித்தவை. அப்படியிருக்க, பல்வலிக்காரரின் கார்டில் அந்த ஆள் மாடியின் இடது ஜன்னலில் நின்றார். கம்பளிக் காலுறைக்காரியின் கார்டில் பரண் ஜன்னலில். ஆய்வாளரின் கார்டில் படிக்கட்டுக்கு மேலே. பதினான்கு கார்டுகளை மேசையில் பரப்பினாள். எங்கே மைக்குறி இருந்ததோ அங்கே, மைக்குக் கீழே, அவர் இருந்தார். குறி போடாத கார்டுகளில் ஜன்னல்கள் வெறுமையாக இருந்தன.

அவர் வெளியே பார்க்கவில்லை. முதுகுதான் தெரிந்தது. அறைக்குள் பார்த்தபடி, கட்டிலில் படுத்திருப்பவர்மேல் குனிவதுபோல் குனிந்திருந்தார்.

பதினைந்தாவது கார்டு விடுதிக்காரி எழுதியது. கார்டு விற்ற கடைக்கு அனுப்பியிருந்தாள். 'எத்தனை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஜன்னலில் குறி போட வேண்டாமென்று சொல்லிக் கொடுங்கள். இந்த வருடம் நான்காவது அறையையும் ஒழித்துக் கழுவியாயிற்று. எல்லோரும் இதயம் நின்றுதான் போனார்கள் என்கிறார் மருத்துவர்.'

யோருன் தொலைபேசியை எடுத்தாள்.

போன வாரம் பெட்டியில் மீந்த வெற்றுக் கார்டு ஒன்றை எடுத்து மகள் மாரித்துக்கு அவளே எழுதியிருந்தாள். கோடையில் பக்கவாதம் வந்ததிலிருந்து கணவன் எய்லிஃபின் கட்டில் கீழ்க்கூடத்தில்தான். 'அப்பா இங்கேதான் படுத்திருக்கிறார், கடல் தெரிகிறது' என்று எழுதி, கூடத்து ஜன்னலில் குறி போட்டாள். அவளுக்கு எதையும் அழுத்தித்தான் எழுத வரும்.

மாரித்தை அழைத்தாள்.

"கார்டு வந்துச்சா?"

"இப்பத்தாம்மா வந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல மாட்டியிருக்கேன். ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"கூடத்து ஜன்னலைப் பாரு. நான் இன்ட்டு போட்ட ஜன்னல். அதுல யாராவது தெரியறாங்களா?"

நடக்கும் ஓசை கேட்டது.

"ஆமா, யாரோ முதுகக் காட்டிட்டுக் குனிஞ்சு நிக்கறாங்க. யாரும்மா அது?"

"அந்த இன்ட்டை அழி. இப்பவே சுரண்டு."

சுரண்டும் ஓசை வெகு நேரம் கேட்டது.

"மையெல்லாம் போயிருச்சும்மா. அட்டையே தேஞ்சுபோச்சு. ஆளு போகல."

யோருன் படியேறி ஓடினாள். மேலே நூலகர் ஓத்வார் காபிக் கோப்பையும் கையுமாக நின்றார்.

"காத்து அடிக்குதுன்னு படகை நிறுத்தி ஒரு மணி நேரமாச்சு. இனி காலையிலதான். நீந்திப் போறதா இருந்தா சொல்லு, துண்டு தர்றேன்," என்றவர் அவள் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சு?"

"நர்ஸைக் கூப்பிடு. எய்லிஃப் தனியா இருக்கான்."

அவர் நர்ஸிடம் பேசினார். மூன்று மணிக்கே அவள் கிளம்பியிருந்தாள். அக்கரைச் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறதாம். திரும்பிப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது.

நூலக ஜன்னலுக்கு அப்பால் கறுத்த நீர். அதற்கும் அப்பால் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். கூடத்து விளக்குதான். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வீடு இருந்தும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கட்டிலருகே இருந்த தொலைபேசி மூன்றாவது மணியில் தானாக எடுத்துக்கொள்ளும். எய்லிஃபுக்குப் பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவான். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. அதை வைத்தே கோடை முழுக்கச் சண்டையும் போட்டார்கள். யோருன் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. எடுத்துக்கொண்டது.

சுவர்க் கடிகாரத்தின் ஓசை வந்தது.

"எய்லிஃப், நான்தான். கேக்குதா?"

டிங்.

"நல்லா இருக்கியா?"

டிங்.

"ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

கடிகாரம் ஓடியது. அப்புறம், டிங்.

"நர்ஸா?"

டிங். டிங்.

"உன் கட்டில் பக்கத்துலயா நிக்கறாங்க?"

டிங்.

ஓத்வார் அவள் தோளைப் பிடித்தார். அவள் கவனிக்கவில்லை. ஏதோ தப்பாக இருந்தது. அந்தத் தட்டல். எய்லிஃபின் கை நடுங்கும். இரண்டாவது தட்டு எப்போதும் பிந்தும், சில நேரம் கம்பியில் படாமல் வழுக்கும். இது வழுக்கவில்லை. நடுங்கவில்லை.

மூச்சு கேட்டது. ஒரே ஒரு மூச்சு. நாற்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு அவளுக்குத் தெரியும். இது அதில்லை.

"எய்லிஃப்." மறுபடி சொன்னாள். "எய்லிஃப், தட்டறது நீதானே?"

கரண்டி கம்பியில் பட்டது. ஒரு முறை.

அப்புறம், நிதானமாக, இன்னொரு முறை.