நாற்பது மேற்படிகள்

குப்பி வியர்த்திருந்தது.

கண்ணாடி அறைக்குள் ஒற்றை மேசைக்கு முன்னால் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா முதலில் பார்த்தது அதைத்தான். பழுப்புக் குப்பியின் தோளில் பொடிப்பொடியாய் நீர்முத்துகள் அரும்பி, ஒன்றோடொன்று கூடி, ஒரு கோடாய் வழிந்து, மேசை விரிப்பில் வட்டமாய் ஊறிக்கொண்டிருந்தன. நேற்று மாலை அவளே குழாய்த் தண்ணீரில் சிவப்பு மை கரைத்து ஊற்றி, மூடி, தகரப் பெட்டியில் அடைத்து, இயக்குநர் பார்வையிட வேண்டுமென்று அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போன குப்பி. மை எதற்கு வியர்க்க வேண்டும்? ஏ.சி.யாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு இந்த அறைக்கு ஏ.சி. இணைப்பே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. முதுகில் இரவிக்கை ஈரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பிரிவின் பெயர் நீளம். பெயர்ப்பலகை அதைவிட நீளம். ஆய்வுக்கூடங்களில் மனிதன் திருத்தி எழுதும் நுண்ணுயிர்கள் என்றைக்காவது தவறான கைக்குப் போனால் அரசாங்கம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு விடையைத் தயாராக வைத்திருப்பதுதான் வேலை. விடை தயாராகவே இருந்தது. எட்டு வருடமாக ஒரே விடை. இருக்க வேண்டிய ஏற்பாடுகளை நாற்பத்தொரு இனங்களாய் எண்ணிட்ட பட்டியலில் முதல் இனத்துக்கு எதிரே ‘தயார் நிலையில் உள்ளது’. மற்ற நாற்பதுக்கும் எதிரே ‘மேற்படி’. அந்த நாற்பது மேற்படிகளையும் வருடா வருடம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவள் அக்காதான்.

வருடத்துக்கொரு முறை ஒத்திகையும் உண்டு. குப்பி உடையும், ஒருவர் இருமி விழுவார், விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திய நாலு பேர் வந்து தூக்கிப் போவார்கள், கைதட்டல், தேநீர். விழுந்து சாக அலுவலகத்தில் ஆள் கிடைக்கவில்லை. ஒருவருக்கு இரத்த அழுத்தம், ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குத் தன்மானம். கடைசியில் அக்கா தலையில் விடிந்தது. எட்டு வருடமாக அவள்தான் சாகிறாள். பக்கத்து அலுவலகங்களில் ‘சாகுற அக்கா’ என்றால்தான் தெரியும்.

இந்த வருடம் ஒழுங்காகச் சாக வேண்டிய கட்டாயம் இருந்தது. காலையில் இயக்குநர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே சொல்லியிருந்தார்: “செயலாளரே வர்றாரும்மா. எந்தச் சொதப்பலும் இருக்கக் கூடாது. நல்லா செத்தீங்கன்னா உங்க பொண்ணு ஃபைல்ல சாயங்காலமே கையெழுத்து.”

மகள் அதே அலுவலகத்தில் ஆறு வருடமாகத் தற்காலிகத் தட்டச்சர். ஏழு மாதக் கர்ப்பம். பணி நிரந்தரம் ஆகாவிட்டால் பிரசவத்துக்குப் போகிற அன்றைக்கே வேலையும் போகும். இப்போது கண்ணாடிக்கு வெளியே, பார்வையாளர் கூடத்தில் முதல் வரிசையில், வயிற்றின்மேல் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்காரச் சொன்னதும் அக்காதான். செயலாளர் கண்ணில் பட்டால் நல்லது.

“அக்கா, பெட்டியிலேர்ந்து குப்பிய எடுத்து வெச்சாச்சு. நல்லபடியா போய்ச் சேருங்க” என்று சிரித்துவிட்டு ஓட்டுநர் கதவைச் சாத்தினான். போகும்போது உள்ளங்கைகளைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே போனான். குளிர்ந்த எதையோ தூக்கியவன் மாதிரி.

கதவு பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து மட்டும் திறக்கிற கதவு.

செயலாளர் மேடையேறினார். குள்ளமான மனிதர், ஒலிவாங்கிக்கு மேலே நெற்றி மட்டும் தெரிந்தது. இயக்குநர் விரலைச் சொடுக்க, ஓட்டுநர் இன்னொரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் காலடியில் போட்டான். பெட்டிமேல் ஏறியதும் செயலாளருக்கு முகம் வந்தது. கூடம் கைதட்டியது.

இன்னொரு பெட்டி.

பிரிவில் இருந்தவை மொத்தம் இரண்டே பெட்டிகள். ஒன்றில் அவள் கரைத்த மை. மற்றொன்று, போன வாரம் ஏதோ தனியார் ஆய்வுக்கூடத்தில் காவல்துறை கைப்பற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. அதை வைக்கக் குளிர்காப்பறை வேண்டும். ஆறாவது இனம், மேற்படி. அதனால் இயக்குநர் அறை ஃபிரிட்ஜில், அவருடைய பழரசப் புட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள்.

ஐயா அறையிலிருக்கிற பெட்டியைக் கொண்டுவா என்று மட்டும்தான் ஓட்டுநரிடம் சொல்லியிருந்தார்கள். அவன் எதை எங்கே வைத்தான்?

“இப்ப குப்பி உடையப்போகுது!” ஒலிபெருக்கியில் இயக்குநர் குரல் கொஞ்சியது. “உடைங்கம்மா.”

அக்கா குப்பியை எடுத்தாள். விரல் சில்லிட்டது. மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் எண்கள். அவள் கையெழுத்து இல்லை. நிறுத்திவிடலாமா? நிறுத்தி, இது நம்ம குப்பிதானா என்று பார்க்கலாமா? செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநரின் புன்னகை ஓரத்தில் இறுகியது. மகள் முகத்தை நிமிர்த்தி, உடைம்மா என்பதுபோல் தலையசைத்தாள்.

கையெழுத்து. சாயங்காலமே.

அக்கா உடைத்தாள்.

சிவப்பாய் எதுவும் சிந்தவில்லை. தண்ணீரைவிடத் தெளிவான ஏதோ ஒன்று தரையில் பரவியது. மழைக்கு முன் அறுத்த புல்லின் வாசனை, அதற்கு அடியில் பூட்டிக்கிடந்த வீட்டின் வாசனை, அதற்கும் அடியில் தித்திப்பாய், தொண்டையில் போய் உட்காருகிற ஒன்று. அவள் தலை தூக்கி வெளியே பார்த்தாள். செயலாளர் பேச்சின் வேகத்தில் குதிகாலை எக்கி எக்கி ஊன்ற, அவர் காலடிப் பெட்டியின் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய கோடு கசிந்து மேடைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு மை.

“சார்!” அவள் உள்ளிருந்த ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். “சார், பெட்டி மாறிப்போச்சு சார்! இது ஃபிரிட்ஜ்ல இருந்தது! கதவத் திறக்காதீங்க! எல்லாரையும் வெளிய அனுப்புங்க!”

“பாருங்க, பாருங்க,” இயக்குநர் செயலாளர் காதருகே குனிந்தது ஒலிபெருக்கியிலேயே கேட்டது. “வருஷா வருஷம் மெருகேறிட்டே போறாங்க சார்.”

“நடிக்கல சார்! இது ஒத்திகை இல்ல!”

கூடம் அதிர்ந்தது. கைதட்டல். விசில்.

அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்த வேண்டும் என்பது ஒன்பதாவது இனம். இரண்டு வருடத்துக்கு முன் இயக்குநர்தான் அதை அக்காவின் வசனத்தில் சேர்த்தார். “கைதட்டல் அள்ளும் பாருங்க.” அள்ளியது. போன வருடமும் அள்ளியது. வசனத்தைத் தட்டச்சு செய்தவள் மகள். இப்போதும் அம்மாவோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இது ஒத்திகை இல்ல. சொல்லி முடித்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அக்கா சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பதினேழாவது இனம். மறுபடி அழுத்தினாள். பொத்தான் பெயர்ந்து கையோடு வந்தது. பின்னால் கம்பி இல்லை. பசை இருந்தது.

மீட்புக்காரர்கள் நாலு பேரும் கதவுக்கு வெளியே கவச உடையில் நின்றார்கள். செயலாளர் பேசி முடித்துக் கொடியசைத்தால்தான் நுழைவார்கள். “...தயார் நிலையில் இன்று நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல...” என்று அவர் இரண்டாவது தாளைப் புரட்டினார். கையில் இன்னும் தாள்கள் இருந்தன.

இடது கை விரல்நுனிகள் மரத்துப்போயின. பிறகு விரல்கள். மரமரப்பு அவசரமே இல்லாமல் மணிக்கட்டுக்கு ஏறியது.

தரையில் ஈரம் காயவில்லை. வெளுத்தது. பூனைக்குட்டியின் முதுகுபோல மெல்லிய வெண்மயிர் ஈரத்தின்மேல் எழுந்து நின்றது. அவள் மூச்சு விட்டாள். மயிர் அவள் பக்கம் சாய்ந்தது. மூச்சை அடக்கினாள். நிமிர்ந்து நின்றது.

காத்திருந்தது.

அவள் கண்ணாடியை அறைந்தாள். “போடி! எழுந்து வெளிய போடி! உன் வயித்துப் புள்ளைக்காகப் போடி!”

மகளின் சிரிப்பு ஒரு கணம் தயங்கியது. கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். “உங்கம்மா கலக்குறாங்க. கடைசி வரைக்கும் பாரு.” மகள் மறுபடி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர். பெருமை.

“அடுத்ததா காத்தை உறிஞ்சுற விசிறி,” என்று செயலாளர் தாள் புரட்டிய இடைவெளியில் நுழைந்தார் இயக்குநர். “உள்ள இருக்கற கிருமி அத்தனையும் வடிகட்டில போய் மாட்டிக்கும் சார். போடுப்பா.”

முப்பத்தெட்டாவது இனம்.

வடிகட்டி வாங்கவே இல்லை. விசிறியின் காற்றுக் குழாய் மொட்டைமாடிவரை போக வேண்டும். ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப் போனார். குழாய் பார்வையாளர் கூடத்துக் கூரைக்குள்ளேயே நின்றுபோனது. முதல் வரிசைக்கு நேர் மேலே. சல்லடை மூடி போட்டு, திறப்புவிழா ரிப்பனைக் கட்டி மறைத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

மேற்படி.

“வேணாம் சார்.” குரல் வரவில்லை. நாக்கு மரத்திருந்தது. “வேணா...”

தலைக்கு மேலே விசிறி உறுமியது. தரையிலிருந்த வெண்மை ஒரே சமயத்தில் தரையைவிட்டு எழுந்தது. பஞ்சாய். புகையாய். அவள் முகத்தைத் தடவிக்கொண்டு மேலே போனது.

கண்ணாடிக்கு அப்பால் ரிப்பன் ஆடியது.

புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்த கூடம் மெல்ல நிமிர்ந்தது. முதல் வரிசை. இரண்டாவது வரிசை. ஒவ்வொரு முகமாய், காற்று எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்தது. அப்பாடா என்றார் யாரோ. செயலாளர்கூடப் பேச்சை நிறுத்திக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

மகள் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையால் வயிற்றைத் தடவியபடி, கண்ணை மூடி, வாயை லேசாய்த் திறந்து, அந்தக் குளிர்ச்சியை ஆழமாய் உள்ளே இழுத்தாள்.